வைத்திய விதியில் நோயாளியின் சொல்



கடை நடத்துகிற நமக்குக் கணக்குப் புத்தகம் எப்படியோ, அப்படியே டாக்டர்களுக்கும் ஒரு புத்தகம் உண்டு. நாம் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. நீரிழிவுக்கு முதலில் எந்த மாத்திரையைக் கொடுப்பது, இரத்த அழுத்தம் எந்த அளவைத் தாண்டினால் மருந்தைத் தொடங்குவது, மாரடைப்புக்குப் பின் எத்தனை காலம் எந்த மருந்தைத் தொடர்வது என்பவற்றையெல்லாம் ஒவ்வொரு டாக்டரும் தம் மனத்தில் தோன்றியபடி முடிவு செய்வதில்லை. நிபுணர்கள் ஒரு சபையாகக் கூடி, உலகின் பல நாடுகளில் நடந்த பரிசோதனைகளைத் திரட்டி, நிறுத்துப் பார்த்து, "இன்ன வியாதிக்கு இன்ன முறை ஏற்றது" என்று எழுதி வைக்கின்றனர். இதற்கு மருத்துவ வழிகாட்டி என்று பெயர். சிங்கப்பூரில் சுகாதார அமைச்சு 2015-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய 'ஏஸ்' என்னும் அமைப்பு இத்தகைய வழிகாட்டிகளை வெளியிட்டு வருகிறது. அமெரிக்கா, பிரிட்டன் முதலிய தேசங்களின் சங்கங்களும், உலகச் சுகாதார நிறுவனமும் தத்தம் வழிகாட்டிகளை வெளியிடுகின்றன.

சிராங்கூன் சாலையில் துணி விற்பவருக்கும், பபல்லோ சாலையில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும், நாணய மாற்றுக்காரருக்கும் இந்தச் சங்கதி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நமது கையில் வந்து சேரும் மருந்துச் சீட்டு அந்தப் புத்தகத்திலிருந்துதான் வருகிறது. அந்தப் புத்தகத்தை எழுதும்போது நோயாளி என்ன விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், எதை உயிரினும் மேலாக மதிக்கிறார் என்று எவரேனும் கேட்டார்களா? கேட்காமல் எழுதினால் என்ன ஆகும்? கேட்டு எழுதினால் என்ன மாறும்? இந்தப் பாடத்தில் நாம் ஆராயப்போவது இதுவே. இதற்கு மிகத் தெளிவான உதாரணம் நமது வீட்டிலேயே இருக்கிறது. அது ரமலான் நோன்பும் நீரிழிவும் பற்றியது.

நிறுத்துப் பார்க்கும் முறை

வழிகாட்டி எழுதும் கலையில் 2000-ஆம் ஆண்டில் ஒரு சர்வதேசக் குழு வேலையைத் தொடங்கிற்று. 'கிரேடு' என்பது அக்குழு வகுத்த முறையின் பெயர். உலகச் சுகாதார நிறுவனம் உட்பட எத்தனையோ அமைப்புகள் இன்று அதைக் கைக்கொள்கின்றன. அந்த முறையில், ஒரு சிகிச்சையைச் சிபாரிசு செய்யுமுன் முக்கியமாக நான்கு காரியங்களைப் பார்க்க வேண்டும். நன்மைக்கும் தீமைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு, ஆராய்ச்சிச் சான்று எத்தனை உறுதியானது, செலவு என்ன, இவற்றோடு, அந்த நன்மையையும் தீமையையும் நோயாளிகள் எப்படி மதிக்கின்றனர்.

நான்காவது காரியம் சம்பிரதாயத்துக்குச் சேர்த்த ஒன்று என்று எண்ண வேண்டாம். சிபாரிசின் பலமே அதனால் மாறும். கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளும் ஒரே முடிவைத்தான் விரும்புவார்கள் என்றால் அது 'பலமான சிபாரிசு'. ஆளுக்கு ஆள் விருப்பம் வேறுபடும் என்றால், சான்று எவ்வளவு நல்லதாயினும், அது 'நிபந்தனையுள்ள சிபாரிசு' ஆகும். அப்போது டாக்டர் நோயாளியோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்யவேண்டும். சீட்டை எழுதி நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட முடியாது.

டாக்டரின் மனமும் நோயாளியின் மனமும் ஒன்றுதானே, இருவரும் விரும்புவது சௌக்கியந்தானே என்று தோன்றலாம். அப்படியில்லை என்பதைக் கனடாவில் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஒரு வியாதி உண்டு. அது உள்ளவர்களுக்கு இரத்தம் உறைந்து மூளையை அடைத்துப் பக்கவாதம் வரக்கூடும். தடுப்பதற்கு வார்பரின் என்ற மருந்தைக் கொடுப்பர். ஆனால் அது இரத்தக் கசிவை உண்டாக்கலாம். அவ்வியாதி வரக்கூடிய நிலையிலிருந்த 61 பேரிடமும், 63 டாக்டர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டனர். பக்கவாதத்தைத் தடுப்பதற்காக, 100 பேருக்கு 2 ஆண்டுகளில் எத்தனை அதிகப்படியான இரத்தக் கசிவுகள் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதே கேள்வி. டாக்டர்கள் சராசரியாகச் சுமார் 10 என்றனர். நோயாளிகள் தரப்பினரோ 17 வரை பொறுப்போம் என்றனர். கை கால் விழுந்து, பேச்சு இழந்து, பிறர் தயவில் படுத்திருப்பதை அவர்கள் அவ்வளவு அஞ்சினர். தாம் கொடுத்த மருந்தாலேயே கசிவு வந்துவிட்டதே என்ற பழிக்கு டாக்டர்கள் அதிகம் அஞ்சினார்கள் போலும் என்பது நமது ஊகம். எப்படியாயினும், டாக்டர்கள் மட்டும் கூடி எழுதுகிற விதியில் அவர்களுடைய அச்சமே எழுதப்படும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

"நோன்பு வைக்காதீர்" என்ற பழைய விதி

இனி நமது காரியத்துக்கு வருவோம். இந்நகரில் நீரிழிவு நமது மக்களிடையே சாதாரண வியாதியாகிவிட்டது. 2010-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூரில் 18 முதல் 69 வயது வரையிலானோரில் 11.3 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரில் அது 17.2 சதவிகிதம், மலாய்க்காரரில் 16.6, சீனரில் 9.7. அரசாங்கம் 2016-ல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே பிரகடனம் செய்தது. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ஒருவராவது மாத்திரை டப்பாவோடு இருக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

முன்னாளில் நீரிழிவுள்ளவர் டாக்டரிடம் நோன்பைப் பற்றிக் கேட்டால் வருகிற பதில் ஒரே வார்த்தைதான்: "வைக்காதீர்கள்." மருந்து உட்கொண்டு பகல் முழுவதும் உண்ணாதிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், மருந்தை விட்டால் சர்க்கரை ஏறும், தண்ணீரும் அருந்தாததால் உடல் வறளும். காரணங்கள் யாவும் சரியே. வைத்திய நூலின்படி அந்தப் பதிலில் குறை காண முடியாது.

ஆனால் நடந்தது என்ன? 2001-ல் 13 முஸ்லிம் நாடுகளிலும் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் நாடுகளிலும் ஓர் ஆய்வு நடத்தினர். நமது தாயகமான இந்தியாவும், அண்டை நாடுகளான மலேசியாவும் இந்தோனீசியாவும் அதில் அடங்கும். 'எப்பிடியார்' எனப்படும் அந்த ஆய்வின் முடிவுகள் 2004-ல் வெளியாயின. ஆராயப்பட்ட 12,243 நீரிழிவுக்காரர்களில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 78.7 சதவிகிதத்தினர் ரமலானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு வைத்திருந்தனர். இன்சுலின் ஊசி இல்லாமல் வாழவே முடியாத முதலாம் வகையினரிலுங்கூட 42.8 சதவிகிதத்தினர் அவ்வாறு செய்திருந்தனர்.

இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். விதி "வைக்காதே" என்றது. ஐந்தில் நால்வர் வைத்தனர். அவர்களுக்கு மருந்தை எப்படி மாற்றிக்கொள்வது, எப்போது நோன்பை முறித்துவிட வேண்டும் என்று சொல்வதற்கு அந்த விதியில் ஒரு வரியும் இல்லை. விதியைப் பொறுத்தமட்டில் அவர்கள் நோன்பே வைக்காதவர்கள்! ஆகவே ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தபடி செய்துகொண்டனர். காலை மாத்திரையை ஒருவர் விட்டுவிடுவார். இரண்டு வேளை மாத்திரையை ஸஹரில் ஒன்றாக விழுங்குவார் இன்னொருவர். டாக்டரிடம் சொன்னால் ஏசுவார் என்று சொல்லாமலே இருந்துவிடுவோரும் நம்மிடையே உண்டு. அதன் பலனும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. இரண்டாம் வகையினரில், ஆஸ்பத்திரிக்குப் போகுமளவு கடுமையான சர்க்கரை இறக்கம் மற்ற மாதங்களில் 100 பேருக்கு மாதம் 0.4 ஆக இருந்தது, ரமலானில் 3 ஆயிற்று. ஏழு மடங்குக்கும் மேல். முதலாம் வகையினரில் 3 ஆக இருந்தது 14 ஆயிற்று.

நமது தொழிலிலிருந்து ஓர் உவமை சொன்னால் எளிதில் விளங்கும். ஒரு மொத்த வியாபாரி வாடிக்கையாளரை ஒரு வார்த்தை கேட்காமல் உயர்ந்த ரகச் சரக்கை இறக்குகிறார். ரகத்தில் குற்றமில்லை, ஆனாலும் அது அலமாரியை விட்டு இறங்குவதில்லை. வாடிக்கையாளரோ தமக்கு வேண்டியதைச் சந்து வியாபாரியிடம், தரம் பாராமல் வாங்கிக்கொண்டு போகிறார். சரக்கு விற்கவில்லை என்றால் வாடிக்கையாளரை ஏசுகிற வியாபாரியை நாம் என்னவென்று சொல்வோம்?

விதி மாறிய வரலாறு

இந்த நிலை ஒரே நாளில் மாறவில்லை. 1995-ல் மொராக்கோவிலுள்ள காசாபிளாங்கா நகரில் டாக்டர்கள் கூடி, நீரிழிவும் ரமலானும் பற்றி ஆலோசனைகளை வகுத்தனர். 2005-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் சஞ்சிகையில் சிபாரிசுகள் வெளியாகி, 2010-ல் திருத்தம் பெற்றன. பிறகு, சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் நீரிழிவு–ரமலான் கூட்டமைப்பும் சேர்ந்து 2016-ல் விரிவான வழிகாட்டியை வெளியிட்டன. 2021-ல் அதைப் புதுப்பித்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய அம்சங்கள் சில உள. முதலாவது, 2016-ஆம் ஆண்டு வழிகாட்டியை எழுதும்போது டாக்டர்கள் உலமாக்களையும் கலந்துகொண்டனர். எகிப்தின் முப்தியின் இசைவு அதற்குக் கிடைத்தது. நோயாளி டாக்டரிடம் ஒரு பேச்சும் ஆலிமிடம் வேறொரு பேச்சும் கேட்டுத் தத்தளிக்காமல், இருவரும் ஒரே குரலில் பேசுவதற்கு அது வழி செய்தது. நமது மார்க்கமும் இதில் கடுமை காட்டவில்லை. நோயாளிக்கும் பிரயாணிக்கும் உள்ள சலுகை, பின்னர் களா செய்வது, இயலாதவர் ஏழைக்கு உணவளிப்பது ஆகியவை அல்பகரா அத்தியாயத்திலேயே கூறப்பட்டுள்ளன என்பது நம் சிறுவர்களுக்கும் தெரியும்.

இரண்டாவது, எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்காமல் ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரித்தனர். 2021-ஆம் ஆண்டு முறையில் நோயாளிக்கு மதிப்பெண் போடுகிறார்கள். எந்த வகை நீரிழிவு, எத்தனை காலமாக உள்ளது, இன்சுலின் போடுகிறாரா, சர்க்கரை இறக்கம் அடிக்கடி வருமா, சிறுநீரகம், இருதயம் எப்படி, வயது என்ன, செய்கிற வேலை எவ்வளவு கடினம், சென்ற ரமலான் எப்படிக் கழிந்தது என்பவை கணக்கில் சேரும். மொத்தம் 3 வரை குறைந்த ஆபத்து, 3.5 முதல் 6 வரை நடுத்தரம்; 6-க்கு மேல் அதிகம். 'சென்ற ரமலான் எப்படிக் கழிந்தது' என்ற கேள்வியைப் பாருங்கள். நோயாளி ஒளிக்காமல் பேசினாலன்றி இதற்கு மதிப்பெண் போட முடியாது!

மூன்றாவது அம்சமே நமது பாடத்துக்கு உயிர்நாடி. ஆபத்து அதிகமுள்ளவர் நோன்பு வைக்க வேண்டாம் என்று வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. சொல்லிவிட்டு அதோடு நிற்கவில்லை. அப்படிச் சொன்ன பிறகும் ஒருவர் நோன்பு வைத்தே தீருவேன் என்றால் அவரை எப்படிக் காப்பது என்றும் எழுதி வைத்திருக்கிறது. அவருக்கு முன்கூட்டியே தக்க பயிற்சி தர வேண்டும். தேர்ந்த குழு அவரைக் கவனித்து வர வேண்டும். அவர் அடிக்கடி இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டும். ஆபத்து வந்தால் நோன்பை முறிக்கச் சித்தமாயிருக்க வேண்டும். சர்க்கரை 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலும், 16.6-க்கு மேலே ஏறினாலும், உடம்பு சரியில்லையென்று தோன்றினாலும் நோன்பை உடனே முறித்துவிட வேண்டும். மணி மாலை ஆறரை ஆனாலும் பாங்கு சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நோயாளியின் மனத்தை மதிப்பது என்றால் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது என்று சிலர் நினைக்கின்றனர். மேற்சொன்ன விதியில் தலையாட்டல் எங்கே இருக்கிறது? ஆபத்தை மறைக்கவுமில்லை, ஆளைக் கைவிடவுமில்லை.

முஸ்லிம் என்றால் கட்டாயம் நோன்பு வைப்பார் என்று பெயரைப் பார்த்தே முடிவு செய்துவிடும் டாக்டரும் பழைய டாக்டரைப் போலவே கேட்காமல் முடிவு செய்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த 13 நாட்டு ஆய்வில், இரண்டாம் வகையினரில் ஐந்தில் ஒருவர் 15 நாட்கள் அளவுக்கு நோன்பு வைக்கவில்லை. டாக்டரே 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா, அதைக் கேட்டு மன நிம்மதியோடு சலுகையைப் பெற்றுக்கொள்ளலாமே என்று ஏங்குகிறவர் உண்டு. பேரப் பிள்ளைகள் நோன்பிருக்கையில் தாம் மட்டும் சாப்பிடுவதா என்று வெட்கப்படுகிற பெரியவர் உண்டு. நோன்பை விடுவதைக் காட்டிலும் உயிரை விடுவேன் என்பவரும் உண்டு. மூவருக்கும் வியாதி ஒன்றே, மனம் வேறு.

பலன் கண்டதா?

இப்படிப் பேசித் திட்டமிடுவதால் பயனுண்டா என்று கேட்பது வியாபாரிக்கு அழகு. லண்டனில் முஸ்லிம்கள் நிறைய வாழும் ஒரு பகுதியில் 111 நோயாளிகளை ஆராய்ந்து 2010-ல் முடிவை வெளியிட்டனர். ரமலானுக்கு முன் உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றைப் பற்றிப் பாடம் கேட்டவர்கள் 57 பேர். கேளாதவர்கள் 54 பேர். கேட்டவர்களிடையே சர்க்கரை இறக்கம் 9 தடவையிலிருந்து 5 ஆகக் குறைந்தது. கேளாதவர்களிடையே 9 தடவையிலிருந்து 36 ஆக உயர்ந்தது. நோன்பும் அதே நோன்பு, வியாதியும் அதே வியாதி.

சிங்கப்பூரிலேயே ஒரு பரிசோதனை நடந்து, அதன் முடிவு 2020-ல் வெளியாயிற்று. சிங்கப்பூர் நீரிழிவாளர் நோன்பு வைப்பதற்கென்று 'பாஸ்ட்' என்னும் ஒரு படிமுறையை இங்குள்ள ஆராய்ச்சியாளர் உருவாக்கினர். மருந்தின் அளவை நோயாளியும் வைத்தியத் தரப்பினரும் கலந்து மாற்றிக்கொள்வதற்கான வழி அதில் வகுக்கப்பட்டிருந்தது. 97 பேர் சேர்ந்தனர். 46 பேர் அந்த முறைப்படி நடந்தனர், 51 பேர் வழக்கம்போல் சிகிச்சை பெற்றனர். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் சோதனையில் முதல் பிரிவினருக்கு 0.4 சதவிகிதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 0.1 சதவிகிதமே குறைந்தது. பரிசோதனை சிறியது என்பது உண்மைதான். எனினும் நமது நகரத்துக்கென்றே, நமது நோன்பை மனத்திற்கொண்டு செய்யப்பட்டதென்பது அதன் சிறப்பு.

நமது ஊர், நமது கடை

வேறிடத்தில் எழுதிய விதியை அப்படியே இறக்குமதி செய்ய முடியாததற்குக் காரணங்கள் உள்ளன. பிரிட்டனில் கோடைகாலத்து நோன்பு 17, 18 மணி நேரம் நீளும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள சிங்கப்பூரிலோ எந்தப் பருவத்திலும் 13 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஆகவே அங்கே வைக்க முடியாத ஒருவர் இங்கே வைக்கக்கூடும். ஆனால் நமது வெயிலும் புழுக்கமும் அங்கே இல்லை.

கடைக்காரருடைய நாளை எண்ணிப் பாருங்கள். சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடைக்காரர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸஹர் செய்துவிட்டுப் படுத்து, எட்டு மணிக்கு எழுந்து, பத்து மணிக்குக் கடை திறக்கிறார். மாலை நான்கு மணி, சர்க்கரை இறங்கக்கூடிய வேளை. அப்போதுதான் அவர் ஏணியில் ஏறி மேல் தட்டிலிருக்கும் துணிக் கட்டுகளை இறக்குகிறார். பெருநாள் நெருங்க நெருங்கக் கூட்டம் பெருகுகிறது. ஏழு மணிக்குமேல் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி. டன்லப் தெருவிலுள்ள அப்துல் கபூர் பள்ளியிலோ, சிராங்கூன் சாலை அங்குலியா பள்ளியிலோ மஃரிப் தொழுதுவிட்டு உடனே கடைக்குத் திரும்புகிறார். இரவுச் சோறு சாப்பிடும்போது மணி பத்து. சாப்பாட்டுக் கடைக்காரர் பாடு இன்னும் மோசம். ஊரார் நோன்பு திறக்கும் நேரமே அவருக்கு ஓயாத வேலை நேரம். நின்றபடியே ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்.

இப்போது டாக்டரின் சீட்டில் 'மாலை உணவோடு ஒரு மாத்திரை' என்றிருந்தால், இவருக்கு மாலை உணவு எது? ஏழு மணிக் கஞ்சியா, பத்து மணிச் சோறா? மாத்திரையைக் கஞ்சியோடு போட்டுக்கொண்டு சோற்றுக்கு மூன்று மணி நேரம் தாமதித்தால், சில மருந்துகளுக்குப் பரவாயில்லை, சிலவற்றுக்கு ஆபத்து. மெட்பார்மின் தனியாகச் சர்க்கரையை அபாயமாக இறக்குவது அரிது. கிளிபென்கிளமைட் போன்ற பழைய மாத்திரைகள் அப்படியல்ல. நோன்பு நாட்களில் அவற்றுக்குப் பதிலாக கிளிக்லசைட் போன்றவற்றை வழிகாட்டிகள் விரும்புகின்றன. இன்சுலின் என்றால் இன்னும் கவனம் தேவை. இந்த மாற்றங்களைத் தாமே செய்துகொள்ளக் கூடாது; டாக்டரே செய்ய வேண்டும். ஆனால் நமது சோற்று நேரம் பத்து மணி என்பதை நாம் சொல்லாவிட்டால் அவருக்கு யார் சொல்வார்?

கஞ்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழைந்த அரிசி விரைவில் சர்க்கரையாகும். அதற்காக 'கஞ்சி குடிக்காதே' என்று ஒருவர் விதி எழுதினால், அவர் தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலில் ஒரு மாலையேனும் உட்கார்ந்ததில்லை என்றே நாம் சொல்வோம். சிறிய கிண்ணமாக, பருப்பும் இறைச்சியும் கூடுதலாக, அதன்மேல் இனிப்பு பாண்டுங் பானம் இல்லாமல் என்று எழுதினால் பத்துப் பேரில் சிலராவது கேட்பார்கள்.

மக்களின் மனத்தைக் கேட்டு விதி செய்த அனுபவம் இந்நகருக்குப் புதிதன்று. 1987-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தபோது முஸ்லிம்களை அதிலிருந்து விலக்கி வைத்தனர். விரும்புகிறவர் தாமாக எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தது. காலப்போக்கில் உலமாக்களின் ஆலோசனை வளர்ந்து, 2007-ல் முயிஸ் பத்வாக் குழு அனுமதித்தது. அதன் பின்னரே, 2008 ஆகஸ்டு 1 முதல் முஸ்லிம்களும் சட்டத்துள் சேர்ந்தனர். வேண்டாமென்பவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளவும் வழி வைத்தனர். இருபது ஆண்டுகள் ஆயின என்று குறை கூறுவோர் இருக்கலாம். சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது நீண்ட காலந்தான். ஆனாலும் கேளாமல் திணித்திருந்தால் விளையக்கூடிய மனக்கசப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோயாளியின் சொல்லுக்கு இப்போது சட்டத்திலும் இடமுண்டு. 2017-ல் சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம், டாக்டர் நோயாளிக்கு என்ன விவரம் சொல்ல வேண்டும் என்பதை நோயாளியின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பின்னர் நாடாளுமன்றம் 2020-ல் சட்டத்தைத் திருத்திற்று. திருத்தம் 2022 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, சக டாக்டர்களின் கருத்தே அளவுகோலாக இருந்தாலும், அந்தக் கருத்து நோயாளிக்குத் தேவையான விவரங்களைக் கவனத்திற்கொண்டதாக இருக்க வேண்டும். நோயாளி வாய் திறந்து சொன்ன தனிப்பட்ட கவலைகளும் அதில் அடங்கும். "நான் நோன்பு வைக்க எண்ணியிருக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால் அது டாக்டர் ஒதுக்கிவிடக்கூடிய ஊர்ப்பேச்சு அல்ல.

எப்போது, என்ன சொல்வது

ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே டாக்டரைக் காண வேண்டுமென்று வழிகாட்டி கூறுகிறது. நமது கணக்கில் அது ரஜப் மாதத்தின் முற்பாதி; மிஃராஜ் இரவுக்கு முன்னரே போய்விட வேண்டும். பிறை பார்த்த பிறகு ஓடினால் மருந்தை மாற்றிச் சோதித்துப் பார்க்க அவகாசமிராது. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரே குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொண்டவர்களுக்கு இது சுலபம். முகம் தெரிந்தவரிடம் மனம் திறப்பது எளிதல்லவா?

போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். கடை திறப்பது எத்தனை மணி, மூடுவது எத்தனை மணி. நோன்பு திறக்கையில் என்ன உண்பீர்கள், சோறு எப்போது. தராவீஹ் எங்கே, நடந்து போவதா, பஸ்ஸா. பாரம் தூக்கும் வேலை உண்டா. சென்ற ரமலானில் எத்தனை நோன்பு பிடித்தீர்கள், எத்தனை முறை உடல் நடுங்கி வியர்த்தது. எத்தனை நோன்பையேனும் பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணமா, டாக்டர் தடுத்தால் விட்டுவிடச் சம்மதமா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நல்லது. பிள்ளைகளும் தந்தை சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "அத்தா நோன்பு வைக்கமாட்டார் டாக்டர்" என்று அவர்களாகவே பதில் சொல்லிவிடுவது நம் வீடுகளில் காண்பதுதான்.

சர்க்கரை பார்க்கும் சிறு கருவி ஒன்றைக் கல்லாப் பெட்டிக்கு அருகில் வைத்துக்கொள்வது உத்தமம். விரலில் ஊசி குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று எண்ணி, பகலில் சோதிக்காமலே இருந்துவிடுவோர் அநேகர். முறியாது என்பது உலமாக்களின் கருத்து. வழிகாட்டியிலும் அதை எழுதியே வைத்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு, ஏணியில் ஏறுவதற்கு முன், ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.